சுட்டவன் பெயர்

பட்டமுத்துவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தில்லைநாயகம் மூன்று தோட்டாக்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆசானைப் பார்க்க மலையிறங்கி வந்தார்.

ஆசான் என்றதும் தாடியும் தண்டமுமாக மரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். இஸ்ரவேலுக்குத் தாடி கிடையாது. பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். சீடரைவிட வயதில் இளையவரும்கூட. வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மலையில் தோட்டம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். அதனால் எல்லோருக்கும் ஆசான். ஐம்பதைத் தாண்டிய ஏலத்தோட்ட முதலாளி தில்லைநாயகமும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார், அதுவும் நாலு பேர் எதிரில் கொஞ்சம் உரக்கவே கூப்பிடுவார்.

இஸ்ரவேல் பக்கத்து வீட்டுக்காரரின் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மடியில் வைத்து, ஸ்டவ் பின் ஒன்றால் குத்தி அடைப்பெடுத்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் முடிச்சை அவிழ்த்துத் தோட்டாக்களை மேஜைமேல் வரிசையாக நிறுத்தினார். சிறியது, அதைவிடப் பெரியது, கட்டைவிரல் தடிமனில் ஒன்று.

"முன்னூத்தி எழுபத்தஞ்சு, நானூத்தி எழுபது, ஐநூத்தி எழுபத்தேழு. ஆசானே, காட்டெருமைக்கு இதுல எந்தக் காலிபர், எந்த அளவுக் குண்டு?"

இஸ்ரவேல் தலை நிமிரவில்லை.

"எந்தக் காட்டெருமைக்கு?"

"பொதுவாக் கேக்கேன்."

"பொதுவான்னு ஒரு காட்டெருமை இந்த மலையில இல்லையே வே."

தில்லைநாயகம் மென்று விழுங்கினார். எந்தக் காட்டெருமை என்று அவருக்கும் தெரியும், மலைக்கே தெரியும். கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிந்த கிழட்டுக் காளை. அதன் கொம்பை என் கூடத்தில் மாட்டுவேன் என்று தோட்ட முதலாளிகள் கிளப்பில் சபதம் போடாத குறையாகச் சொல்லிவிட்டு, ஒரு மழைநாள் சாயங்காலம் அவர் தனியாகப் போய்ச் சுட்டார். அது விழவில்லை. மறுநாள் விடிந்ததும் ஓடைக்கரையில் விறகு வெட்டப் போன பட்டமுத்துவை அது குத்திக் கொன்றது. ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்கு விறகு வெட்டுவது அவன் வேலை. அன்று மத்தியானம் இஸ்ரவேலைக் கூப்பிட்டு விட்டார்கள். அவர் போய்க் காளையைச் சுட்டு முடித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நீரு எதால சுட்டீரு?" என்றார் இஸ்ரவேல்.

"இந்தச் சின்னதாலதான். அதுதான் தப்பாப் போச்சு. குண்டு சின்னது. பட்டதா இல்லையான்னே எனக்குத் தெரியல."

இதை அவர் போலீஸிடம் சொல்லியிருந்தார். பட்டமுத்துவின் பெண்டாட்டி பேச்சித்தாயிடம் சொல்லியிருந்தார். காரியத்துக்கு வந்தவர்களிடம் பந்தியில் உட்கார்ந்தபடி சொல்லியிருந்தார். திரும்பத் திரும்பச் சொன்னதில் அவருக்கே அது கொஞ்சம் நிஜமாகிவிட்டிருந்தது. மனிதன் தன் பொய்யைத் தானே முதலில் நம்பிவிடுகிறான், மற்றவர்கள்தான் தாமதிக்கிறார்கள்.

"நாளைக்கு பாரஸ்ட் ரேஞ்சர் விசாரணைக்கு வாராரு. உங்களத்தான் கேப்பாரு. குண்டு சின்னது, பட்டது தெரிஞ்சிருக்காதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் ஆசானே."

"சொன்னா?"

"லைசென்ஸ் தப்பிக்கும்."

இஸ்ரவேல் பின்னை ஊதித் துடைத்தார்.

"அம்புட்டுத்தானா?"

தில்லைநாயகம் தோட்டாக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பேச்சித்தாய் மூஞ்சிய நான் பாக்கணும்லா. தினம் எந்திரிச்சா அவ மூஞ்சியிலதான் முழிக்கணும். துப்பாக்கி சின்னதுன்னு நான் சொன்னா அவ பேசாம கேட்டுக்கிடுதா. நீங்க சொன்னா நம்புவா."

அன்றைக்கு அதுவரை அவர் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை. லைசென்ஸ் போனால் போகட்டும் என்றுகூட அவர் விட்டிருப்பார். அவள் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இஸ்ரவேல் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். சுடர் நீலமாக, சத்தமாக எரிந்தது. திருப்தியாகி அணைத்துவிட்டு எழுந்தார்.

"வாரும். மேல போவோம்."

"எங்க?"

"நீரு சுட்ட எடத்துக்கு. காலிபர் கேக்கீருல்லா? எடத்தப் பாக்காம எப்படிச் சொல்ல?"

ஜீப்பைத் தோட்டத்தின் கீழ்க் கேட்டில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். தில்லைநாயகம் தோட்டாக்களை விடாமல் கையில் வைத்திருந்தார். மூச்சு வாங்கியது, இருந்தும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஆப்பிரிக்காவில் ஐநூறுக்குக் கீழே யாரும் தொடமாட்டார்கள், கிளப்பில் ஒரு துரை சொன்னார். நானூத்தி எழுபது போதும், பெரியது வீண் கனம் என்று இன்னொருவர் சொன்னார். எது விலாவை உடைக்கும், எது தோள்பட்டையைத் துளைக்கும், எந்தக் குண்டு மண்டையில் நிற்கும். எல்லாம் கேட்டு வைத்திருந்தார். இஸ்ரவேல் ஒரு "உம்" கூடக் கொட்டவில்லை.

சதுப்புப் புல்வெளி வந்தது. தில்லைநாயகம் தான் நின்று சுட்ட பாறையைக் காட்டினார். காளை நின்ற இடம் அங்கிருந்து ஒரு கல்லெறி தூரம்.

"இங்கன இருந்துதான் சுட்டீரா?"

"ஆமா."

"நல்லாத்தான் சுட்டிருக்கீரு."

தில்லைநாயகத்துக்குப் புரியவில்லை. இஸ்ரவேல் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். முனை சப்பி, ஓரம் விரிந்த ஈயத் துண்டு.

"உம்ம குண்டு. காளைய அறுத்து நான் எடுத்தது. நுரையீரல் ஓரத்துல கெடந்துச்சு. இன்னும் ரெண்டு நாள்ல அது தானாச் செத்திருக்கும்."

தில்லைநாயகம் அந்தத் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுவே பெரிய குண்டா இருந்தா?"

"அங்கனயே விழுந்திருக்கும்."

தில்லைநாயகத்தின் முகம் ஒரே நொடியில் மலர்ந்துவிட்டது. பாவம், அவ்வளவு நாள் கழித்து அந்த முகத்தில் வந்த முதல் வெளிச்சம். "இதத்தான் ஆசானே! இத அப்படியே நாளைக்கு..."

"முழுசாக் கேளும். அங்கனயே விழுந்திருக்கும். இல்லன்னா பெரிய துப்பாக்கி தோள்ல இடிக்குமேன்னு பயந்து நீரு கண்ண மூடிக்கிட்டு வானத்தப் பாத்துச் சுட்டிருப்பீரு. மாடும் பொழச்சிருக்கும், பட்டமுத்துவும் பொழச்சிருப்பான். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது."

மலர்ந்த முகம் அப்படியே சுண்டிப்போனது.

இஸ்ரவேல் புல்வெளியைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தார். அந்த வழி தில்லைநாயகத்துக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவர் கால் பின்வாங்கியது. கொஞ்ச தூரத்தில் ஒரு நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில் வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருந்தது. மழையில் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்து, சாயம் போன இலைமாதிரி தொங்கியது.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இஸ்ரவேலிடம் துப்பாக்கி கற்க வருகிற யாருக்கும் முதல் பாடம் துப்பாக்கி கிடையாது, துணிதான். நாள் கணக்கில் துணி கட்டவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொடவே விடுவார். மிருகத்தைச் சுட்டு, அது அடிபட்டு ஓடிவிட்டால், ரத்தத்தைப் பிடித்துப் பின்னாலேயே போக வேண்டும். இருட்டிவிட்டால் கடைசியாக ரத்தம் பார்த்த இடத்தில் துணி கட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பினால் நேரே வீட்டுக்கு அல்ல. சுற்றியிருக்கிற லயம் அத்தனைக்கும், அதாவது தொழிலாளர் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும், தாக்கல் சொல்லிவிட வேண்டும். சேதியை அந்த மலையில் தாக்கல் என்பார்கள். அடிபட்ட மிருகம் இன்ன பக்கம் நிற்கிறது, செத்துக் கிடக்கிற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்கிற தாக்கல்.

அதில் இஸ்ரவேல் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. தாக்கல் சுட்டவன் பெயரோடுதான் போக வேண்டும். 'தில்லைநாயகம் சுட்ட மாடு அடிபட்டு நிக்கு' என்றுதான் போக வேண்டும். சும்மா 'மாடு அடிபட்டு நிக்கு' என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், பெயர் இருந்தால்தான் நம்புவார்கள் என்பார். பெயரோடு போனால் விடிவதற்குள் எல்லாத் தோட்டத்துக்கும் தெரிந்துவிடும், கிளப்புக்கும் தெரிந்துவிடும். அதையும் அவர் அறிவார்.

"அவுத்து எடும்," என்றார் இஸ்ரவேல்.

தில்லைநாயகம் முடிச்சில் நகத்தை வைத்துப் பார்த்தார். நனைந்து இறுகிப் போயிருந்தது. பல்லால் கடிக்கக்கூடக் குனிந்தார். வரவில்லை.

"நல்ல முடிச்சு. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே கட்டியிருக்கீரு." இஸ்ரவேல் கத்தியை எடுத்துக் கிளையோடு வெட்டி, துணியும் குச்சியுமாக அவர் கையில் கொடுத்தார். "ரத்தம் பாத்தீரா?"

"பாத்தேன்."

"அப்போ பட்டது தெரியும்."

தில்லைநாயகம் குச்சியில் சுற்றியிருந்த துணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தாக்கல்?"

"நல்ல மழை ஆசானே. இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"வெடிச் சத்தம் லயத்துக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காது. நடுவுல மேடு நிக்கு. மழை வேற."

அதைச் சொல்லும்போதே அந்தச் சாயங்காலம் அவருக்கு நினைவு வந்தது. இந்த மரத்தடியில் நனைந்துகொண்டு நின்று, சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது என்று எண்ணி அவர் சந்தோஷப்பட்டார். ஆமாம், சந்தோஷம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. போன வருஷம் ஒரு மிளா மானைத் தவறவிட்டதற்கே கிளப்பில் ஆறு மாசம் சிரித்தார்கள். இப்போது கொம்பு எங்கே கொம்பு எங்கே என்று கேட்பார்கள். விடிகாலையில் ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் வந்து முடித்துவிட்டால் ஒரு குண்டா ரெண்டு குண்டா என்று யார் எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தார். விடிகாலையில் மழை விடவில்லை. விடட்டும் என்று பங்களா வராந்தாவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஓடைப் பக்கமிருந்து கூச்சல் அப்போதுதான் வந்தது.

துணியைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். குச்சி வெளியே நீட்டியது. ஒடித்து உள்ளே தள்ளினார்.

"போவமா?" என்றார். "ஜீப்பு அந்தப் பக்கம்."

"அன்னைக்கு ஜீப்புலயா போனீரு?"

"இல்ல. நடந்து."

"அப்போ நடந்தே போவோம். நீரு போன வழி."

தில்லைநாயகம் அப்படியே நின்றார். கெஞ்சுவதுபோல் ஆசானைப் பார்த்தார். "வேண்டாம் ஆசானே" என்று சொல்ல வாயெடுத்தார். இஸ்ரவேல் மேடேறத் தொடங்கியிருந்தார்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் லயம். ஓடு போட்ட ஒற்றை வரிசை வீடுகள். பங்களாவுக்கு நடந்து போகிறவர்கள் அந்த வாசல்களை ஒட்டித்தான் போக வேண்டும். அன்றைக்கும் தில்லைநாயகம் அப்படித்தான் போனார். துப்பாக்கியும் நனைந்த தொப்பியுமாக அவர் வருவதைப் பார்த்து, வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பட்டமுத்து கும்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். "என்ன முதலாளி, ஒண்ணும் படலியா?" என்றான். கேலியில்லை, நிஜமான வருத்தம்.

"ஒண்ணும் படல," என்றார் தில்லைநாயகம்.

"போட்டும் முதலாளி. நாளைக்குப் படும்."

அந்த வாசலுக்கு இப்போது இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பேச்சித்தாய் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். முதலாளியைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவிட்டு, உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டாள். இருவருமே உட்காரவில்லை.

"நல்லாருக்கியா பேச்சி?" என்றார் இஸ்ரவேல். கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருக்கேன் ஐயா." அவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்கதான் அந்த மாட்டச் சுட்டீக. உங்களுக்குத் தெரியும்."

"கேளு."

"அன்னைக்கு முதலாளி இந்த வழியாத்தான் வந்தாக. எங்க வீட்டுக்காரக எந்திரிச்சு நின்னு, ஒண்ணும் படலியான்னு கேட்டாக. நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். படலன்னு முதலாளி சொன்னாக." அவள் குரல் உயரவே இல்லை. "படலன்னா அது எப்படி ஐயா அடிபட்டு நின்னுச்சு?"

இஸ்ரவேல் திரும்பித் தில்லைநாயகத்தைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. இந்தா, கதவு திறந்திருக்கிறது, போ என்கிற பார்வை. அதைவிட நல்ல சந்தர்ப்பம் தில்லைநாயகத்துக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

அவர் கை கோட்டுப் பையை அழுத்திப் பிடித்திருந்தது. துணியின் ஈரம் கோட்டில் ஊறி உள்ளங்கைக்கு வந்தது. சொல்லிவிடலாம், இரண்டே வார்த்தைதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறந்தது. திறந்த வாயில் பழகின வார்த்தைதான் வந்தது.

"பட்டது எனக்கே தெரியல தாயி. குண்டு சின்னது. சின்னக் குண்டு பட்டா மாட்டுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?"

பேச்சித்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் இல்லை, சண்டையும் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. பேச்சை நிறுத்த முடியாமல் மேலும் பூசி மெழுகினார்.

"இனிமே இந்த மலையில இப்படி ஒண்ணு நடக்காது தாயி. அதுக்குத்தான் ஆசானக் கூட்டிட்டு வந்தேன். பெரிய துப்பாக்கியா வாங்கப் போறேன்." இன்னொரு கையை விரித்தார். வியர்வையில் நனைந்த மூன்று தோட்டாக்கள் அதில் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். அவளுக்கு அவை என்னவென்று தெரிந்ததோ இல்லையோ.

"ஆசானே, இவகிட்டயே சொல்லுங்க. எந்தக் காலிபர் வாங்கட்டும்?"

இஸ்ரவேல் தோட்டாக்களைப் பார்க்கவில்லை. வாசலில் கவிழ்த்து வைத்திருந்த கஞ்சிக் கும்பாவைப் பார்த்தார். பிறகு பேச்சித்தாயைப் பார்த்துக்கொண்டே சீடருக்குப் பதில் சொன்னார்.

"இருக்கதுலயே பெருச வாங்கும். அதோட சத்தம் மழையிலயும் மேடு தாண்டி இந்த லயம் வரைக்கும் கேக்கும். நீரு தாக்கல் சொல்லாமப் போனாலும், விடிஞ்சதும் இவங்க வெளிய போவாம இருந்துக்கிடுவாங்க."